விமலா ஒப்பிட்ட காகிதமும் இருபது ஆங்கிலச் சொற்களும்

1

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஐம்பது வயது ஆகிறதாம். மலர் போடுகிறார்கள். அதில் பத்துப் பக்கம் தமிழுக்கு ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். தமிழுக்கு இடம் கொடுத்த பெருமையை முழுக்க மலையாளத்திலேயே சொன்னார். கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, நாங்கள் அப்படித்தான்.

அவருக்கு என்னிடம் வேண்டியது ஊர் நினைவுகள் இல்லை. குளத்தையும் மாமரத்தையும் நினைத்து உருக ஏற்கெனவே ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்களாம். எனக்கு ஒதுக்கியது உபயோகமான கட்டுரை. வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் கம்பெனி வேலையில் குழப்பிக்கொள்ளும் ஆங்கிலச் சொற்கள், இரண்டிரண்டாக, மொத்தம் இருபது. சேச்சி அங்கே ஹெச்.ஆர். அல்லவா, சேச்சிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்றார். ஆமாம், இருபத்திரண்டு வருஷமாக மஸ்கட்டில் ஹெச்.ஆர். ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் வெளுத்துக் கொடுக்கிற கம்பெனியில் ஹெச்.ஆர். கோஆர்டினேட்டர். பெயர்தான் நீளம். வேலை என்று பார்த்தால் விசா, லீவு, மருத்துவச் சீட்டு, ஒப்பு. ஒப்பு என்றால் கையெழுத்து. தெற்கே உள்ளவர்களுக்குத் தெரியும், வடக்கே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம். தமிழ் டைப் அடிக்க ஒரு பிள்ளை உண்டு, எழுத்துப்பிழையையும் அவளே திருத்திவிடுவாள் என்று சொல்லி, அவள் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் எழுத ஒத்துக்கொண்டேன். அவள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2

எம்ப்ளாயர் என்றால் வேலை கொடுப்பவன். எம்ப்ளாயி என்றால் வேலை பார்ப்பவன். விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதி, பேனா முனையில் முதலாளி ஆகிவிட்ட பட்டதாரிகளை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பர்சனல் என்றால் சொந்த விஷயம். பெர்சொனெல் என்றால் ஆட்கள், சிப்பந்திகள். கடைசி எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பர்சனல் டிபார்ட்மெண்ட் இதுதானா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறவரிடம், உங்கள் வீட்டு விஷயம் இங்கே யாருக்கும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

டவுட் என்பதை நாம் விளக்கம் கேட்பதற்குச் சொல்கிறோம். இங்கே ஒரு வெள்ளைக்காரரிடம் எனக்கு டவுட் இருக்கிறது என்றால், நான் சொல்வதை நீ நம்பவில்லையா என்று பார்ப்பார். கொஸ்டியன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம்மவர்கள் செய்வது போல ஒன்றுமே கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போக வேண்டும்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் தங்குமிடத்துச் சாப்பாட்டு ஹாலில் வகுப்பாக எடுத்தேன். யாரும் கெஞ்சவில்லை. தர்மகாரியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது இருபது பேர் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது, ஆபீஸில் என்னை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தப்பாகச் சொன்னவளை எழுப்பி நிறுத்துவேன். அவள் சொன்னதை அவள் குரலிலேயே இழுத்துச் சொல்லிக் காட்டுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவளை அடுத்ததாக எழுப்புவேன்.

முதல் வரிசையில் விமலா இருப்பாள். பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்கிற ஊர்க்காரி. ஊரில் முந்திரி ஆபீஸில் அண்டி தல்லி, அதாவது கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள், இங்கே இஸ்திரி மெஷினில் நின்றாள். பாறசாலையில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அந்தப் படிப்பு முடியும் வரை விமலா மஸ்கட்டில் நின்றாக வேண்டும், அவள் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. இங்கிலீஷ் வந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வகுப்புக்கு வந்தாள். நீல அட்டை நோட்டில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல், நடுவில் தமிழில் அர்த்தம். அவள் எழுதுவதைப் பார்த்தால் எனக்கே நான் சொன்னது பெரிய விஷயம் போலத் தோன்றும்.

என்னை எக்கா என்று கூப்பிடுவாள். ஹாலில் சரி, ஆபீஸில் மேடம் என்று சொல்லு என்று மலையாளத்தில் சொல்லி வைத்திருந்தேன். ஆபீஸில் நான் இங்கிலீஷும் மலையாளமும் மட்டும்தான். அங்கே வாயிலிருந்து தமிழ் வந்தால் மேனேஜர் என்னையும் இஸ்திரிப் பக்கத்தில் சேர்த்துப் பார்ப்பார் என்று பயம்.

3

எல்லையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்ட பாஷையில் பதில் சொல்ல வேண்டும், அர்த்தம் கேட்கக் கூடாது. ஒன்பது வயதில் நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸில் அம்மாவோடு நிற்கும்போது, சத்யவாங்மூலம் என்றால் என்ன என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பிரமாணப் பத்திரத்துக்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பாண்டியா என்று சிரித்தார், தமிழர்களை இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள். அவ்வளவு நேரமும் நல்ல மலையாளம் பேசிக்கொண்டிருந்த அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் தோல் உரிந்தது. அன்றைக்கு எங்கள் காகிதம் நகரவில்லை. களியக்காவிளையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு விழித்தால், மலையாளத்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டிப் பிழைத்த ஜனங்கள் நாங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு ஆள் எந்தப் பாஷையில் ஆரம்பிக்கிறார் என்பதிலேயே அவர் வந்த காரியம் தெரிந்துவிடும். அப்பா பெருங்கடவிளைச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோவார். திருவனந்தபுரத்து வியாபாரி ஒருவர் வருஷம் முழுக்க அப்பாவிடம் மலையாளம்தான் பேசுவார். என்றைக்காவது தமிழில், அண்ணாச்சி சுகமா இருக்கியளா என்று ஆரம்பித்தால், அப்பா இறக்கிய குலையைத் தூக்கித் திரும்பவும் சைக்கிளில் வைத்துக் கட்டுவார். இன்றைக்கு அவன் அறுக்க வந்திருக்கிறான் என்பார். ஒரு தடவை கூட அவர் கணிப்புப் பிசகியதில்லை.

என் மகள் மஸ்கட்டில் பிறந்தவள், இப்போது மான்செஸ்டரில் படிக்கிறாள். பெருங்கடவிளைச் சந்தை எந்தத் திசை என்று கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சட்டம் மட்டும் எப்படியோ ரத்தத்தில் வந்துவிட்டது. போனில் நான் தமிழில் ஆரம்பித்தால் உடனே இங்கிலீஷில், சரி மம்மி, இப்போது என்ன வேண்டும் என்பாள். நான் தமிழ் பேசினால் ஒன்று எதையோ மறைக்கிறேன், இல்லை எதையோ கேட்கப்போகிறேன் என்பது அவள் கண்டுபிடிப்பு. திமிர் பிடித்தவள் என்று போனை வைத்துவிடுவேன். அப்பாவுக்கும் அவளுக்கும் தெரிந்த விஷயம் நடுவில் இருந்த எனக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

4

அஷூர், என்ஷூர், இன்ஷூர். அஷூர் என்றால் ஒருவரிடம் வாயால் உறுதி சொல்வது, கவலைப்படாதே நான் இருக்கிறேன் என்பது மாதிரி. என்ஷூர் என்றால் சொன்ன காரியம் நடக்கும்படி பார்த்துக்கொள்வது. இன்ஷூர் என்றால் காப்பீடு எடுப்பது. ஒரு வெள்ளிக்கிழமை முதல் இரண்டுக்கும் அர்த்தத்தை நான் போர்டில் மாற்றி எழுதிவிட்டேன். விமலா நோட்டைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், போன மாதம் எக்கா நேர்மாறாக அல்லவா சொன்னீர்கள் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஹால் முழுக்கச் சிரித்தது. ஒவ்வொருத்தியும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். விமலா மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் சிரித்திருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ.

மூன்று வாரத்தில் ஒரு பெரிய ஓட்டல் எங்கள் கையை விட்டுப் போனது. பத்துப் பேரைக் குறைக்க வேண்டும் என்றார் மேனேஜர். ஒன்பது பெயர் அவரிடம் தயாராக இருந்தது. இஸ்திரிப் பக்கம் யாராவது ஒருத்தி, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார். யோசித்தேன், மனசு கேட்கவில்லை என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வரும். அது பொய். பேனா மூடியைக் கழற்றுகிற நேரம் கூட ஆகவில்லை. விமலா என்று எழுதினேன்.

5

ரெசிக்னேஷன், டெர்மினேஷன். பிள்ளைகளே, மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ரெசிக்னேஷன் என்றால் நாமாக வேலையை விடுவது. டெர்மினேஷன் என்றால் அவர்கள் நம்மை நிறுத்துவது. காதில் விழும்போது இரண்டாவதுதான் அவமானம் போல இருக்கும், அதனால் நம்மவர்கள் முதலாவதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கம்பெனி ஒப்பந்தப்படி ஒருத்தியை நிறுத்தினால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வேறு கம்பெனியில் சேர்வதற்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அவளாக விட்டால் விமான டிக்கெட், அத்தோடு முடிந்தது.

மேனேஜருக்கு வேண்டியது பத்து ரெசிக்னேஷன். காரணம் என்ற இடத்தில் குடும்பச் சூழ்நிலை என்று முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். பத்துப் பேர் குடும்பத்துக்கும் ஒரே நாளில் சூழ்நிலை வந்துவிட்டது. உங்கள் ஆட்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்களே என்றார். ஹெச்.ஆரில் அப்போது நாங்கள் இரண்டு கோஆர்டினேட்டர்கள். இது சத்தமில்லாமல் முடிந்தால் இரண்டில் யார் மிஞ்சுவார்கள் என்பதையும் அவர் சொல்லாமல் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒன்பது பேரும் ஒப்பிட்டார்கள். நேபாளத்துப் பெண் ஒருத்தி மட்டும் இது என்ன காகிதம் என்று கேட்டாள். ஃபார்மாலிட்டி என்றேன். அவளும் ஒப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாக விமலா. நான் சொல்லிக்கொடுத்தபடியே வாசலில் நின்று இங்கிலீஷில் அனுமதி கேட்டு உள்ளே வந்தாள். அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அந்தச் சொல் இவளுக்குத் தெரியும், நான்தானே நோட்டில் எழுத வைத்தேன். ஆகவே வாசிக்க விடக் கூடாது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த ஆபீஸில் முதல் தடவையாக அவளிடம் ஊர்ப் பேச்சை எடுத்தேன்.

"இரி பிள்ளே. மக நல்லா படிக்காளா? இஞ்ச ஒரு ஒப்பு இடு, எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

அவள் உட்காரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு காகிதத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றாள். ஒப்பிட்டாள். பெயரை இங்கிலீஷில் சேர்த்து எழுதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், கடைசி எழுத்தைச் சுழித்து விடுவாள், அன்றும் சுழித்தாள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எல்லைக்காரி அர்த்தம் கேட்கமாட்டாள், அதை நம்பித்தான் நான் காரியத்தில் இறங்கியிருந்தேன். ஐந்தாம் நாள் விமானம் ஏறினாள். ஹெச்.ஆரில் மிஞ்சியது நான்.

பாவம், அவளுக்குப் புரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பையும் நிறுத்தவில்லை. அந்த இரண்டு சொற்களை மட்டும் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

6

இந்த வருஷ லீவில் செங்கல் சிவபார்வதி கோயிலுக்குப் போனேன். திரும்பும் வழியில் ஆட்டோக்காரரிடம், மஸ்கட்டுக்குப் போய் வந்த விமலாவின் வீடு தெரியுமா என்று கேட்டுவிட்டேன். சும்மா வாயில் வந்தது என்று சொல்லலாம். ஆனால் காலையிலேயே பையில் பேரீச்சம்பழப் பாக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.

விமலா தொழிலுறப்பு வேலைக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நூறு நாள் வேலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மேடம் வரூ, இரிக்கூ என்றாள். மலையாளம். சாயா போடட்டுமா என்று கேட்டதும் மலையாளம். நான் தமிழில் கேட்கக் கேட்க அவள் மலையாளத்தில் பதில் சொன்னாள். பஞ்சாயத்திலிருந்து கணக்கெடுக்க வந்தவளிடம் பேசுகிற, குற்றம் சொல்ல முடியாத மலையாளம். மகளின் நர்சிங் முதல் வருஷத்தோடு நின்றுபோனதாம். இப்போது பாறசாலையில் ஒரு டிடிபி கடையில் இருக்கிறாளாம். தமிழ் டைப் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் அவளுக்கு வேலை உண்டு, அவள் வருகிற நேரம்தான் என்றாள்.

சாயா கொதிக்கும்போது நானே அந்தக் காகிதத்தைப் பற்றி ஆரம்பித்தேன். உனக்கு அப்போது புரிந்திருக்காது, நானும் அவசரத்தில் விளக்கிச் சொல்லவில்லை என்றேன். டம்ளரை என் முன்னால் வைத்த பிறகுதான் அவள் தமிழுக்கு வந்தாள்.

"வாசிச்சேன் எக்கா. நோட்டில உள்ள வார்த்த தானே. அந்த ஆபீஸில நீங்க எங்கிட்ட தமிழு பேசினது அண்ணைக்கு மட்டுமாக்கும். வாசிக்கியதுக்கு முன்னயே எனக்கு தெரிஞ்சு போச்சு."

பின்னே எதற்கு ஒப்பிட்டாய் என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

"கேட்டா நீங்க பொய்யி சொல்லுவிய. அதையும் கேட்டுட்டு ஒப்பிடியதுக்கு, கேக்காமலே இடலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மூன்று மாதமும் கடிதமும் அவளுக்கு இருந்தது. மேனேஜரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. மகள் படிப்பைக் கூடக் காப்பாற்றியிருக்கலாம். என் வாயிலிருந்து இன்னொரு பொய் வருவதைப் பார்க்க அருவருத்து, இவ்வளவையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஏமாந்துபோனவளாக அவளை வைத்து இரண்டு வருஷம் நான் பரிதாபப்பட்டது எல்லாம் வீண்.

மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். குடும்பச் சூழ்நிலை என்ற அந்தக் காகிதத்தின் நகலை மகள் வாசித்திருக்கிறாள். வேலை பிடிக்காமல் அம்மாவாக விட்டுவிட்டு வந்தாள், அதனால் தன் படிப்புப் போனது என்று நினைக்கிறாள். தாயிடம் முகம் கொடுத்துப் பேசி வெகுநாள் ஆகிறதாம்.

"அவ என்ன வெறுத்தா வெறுத்துட்டு போட்டு. சொந்த ஊருக்காரி கிட்ட தல குனிஞ்சவளாக்கும் அம்மைன்னு அவளுக்கு தெரியாண்டாம்."

அதற்குள் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. விமலா உடனே மலையாளத்துக்குத் திரும்பினாள். மஸ்கட்டில் இருந்த மேடம் என்று மகளிடம் சொல்லி, மேடம் கிளம்புகிறார்கள், கேட்டைத் திறந்து கொடு என்றாள். நான் கிளம்புவதாகச் சொல்லவே இல்லை. எழுந்தேன். பேரீச்சம்பழப் பாக்கெட்டை அவள் திரும்ப என் பையில் வைத்தாள்.

கேட்டைத் திறந்த பிள்ளை சின்னக் குரலில் என்னிடம் தமிழில் பேசினாள்.

"மேடம், அம்ம வேலைய விட்டப்பம் நீங்களாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் மக்கா," என்றேன். "அவ கேக்கல்ல."

எங்கிருந்து அந்த மக்கா வந்தது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். விமலா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. ஆபீஸில் ஆட்டியது போலவே தலையை ஆட்டினாள். ஆட்டோ ஏறினேன்.

7

செயலாளரே, இருபது கேட்டீர்கள், நான் கொடுத்தது பதினொன்றுதான். மிச்சத்தைப் பிள்ளைகள் போனில் தேடிக்கொள்வார்கள். இனி எழுதுவது டைப் அடிக்கிற பிள்ளைக்கு.

அபிஷா, இதுவரை அடித்து வந்திருப்பாய். தலைப்பில் இருந்த பெயர் உன் அம்மாதான் என்று இரண்டாவது பகுதியில் தெரிந்ததும் கை நின்றிருக்கும். பத்தாவது பெயரை எழுதியது நான் என்பது அவளுக்கே தெரியாது, உனக்குத்தான் முதலில் தெரிகிறது. உங்கள் வீட்டு கேட் பக்கத்தில் நான் சொன்னது பொய். உன் அம்மா வேலையை விடவில்லை.

நல்ல மனசு வந்து இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் வெறுப்பைத் தாங்கிக்கொண்டு அவள் உன்னிடமிருந்து மறைத்துவைத்த ஒன்றை, அவளைக் கேட்காமல் நான் எடுத்து உன் முன்னால் போடுகிறேன். அவள் எனக்காகத் தலையாட்டியதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது, அதற்காகத்தான். வீட்டுக்குப் போய் அவளிடம் பேசுவாயோ, பேசாமல் இருப்பாயோ, அது உங்கள் இரண்டு பேர் பாடு. இந்தப் பக்கங்களை மலரில் சேர்ப்பதும் அழித்துவிடுவதும் உன் கையில் இருக்கிறது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக்கொள்.

ஒன்றைக் கவனித்திருப்பாய். நான் இவ்வளவையும் தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்கு உன்னிடம் ஏதோ வேண்டும் என்று இதற்குள் உனக்கு விளங்கியிருக்கும். அதை எனக்குக் கொடுத்துவிடாதே.